தட்டப்பாறையில் நாம் இறங்கவில்லை

தூத்துக்குடிச் சீமைக்காரர்களான நாம் கூட்டாக ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று இருக்கிறது. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்குப் பிரியும் பாதையில் தட்டப்பாறை என்றொரு சின்ன ஸ்டேஷன் உண்டு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் படுக்கையை விரித்துக்கொண்டே அதைத் தாண்டிப் போகிறோம். அங்கே யார் யார் காத்துக் கிடந்தார்கள் என்று நாம் விசாரித்ததில்லை.

மணியாச்சியை நமக்குத் தெரியும். 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட இடம் அது. அந்த ஸ்டேஷனுக்கு அவர் பெயரையே சூட்டினோம். அந்த மரியாதை தகும். ஆனால் அதே தண்டவாளத்தில், அதே காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஏழைக் குடும்பங்கள் தட்டப்பாறை முகாமில் இறக்கப்பட்டன. அவர்களுக்காக நாம் ஒரு கல்லைக்கூடக் கேட்கவில்லை.

முன்பெல்லாம் கூலிகள் மன்னாரில் கரையேறி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காலராவுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். பிறகு தூத்துக்குடிக்கு ரயிலிலும் அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலிலும் கொண்டுபோனார்கள். காலராவும் பிளேக்கும் தோட்டத்துக்குள் நுழைந்துவிடும் என்று துரைமார்களுக்குப் பயம். அதனால் கங்காணிகள் கூட்டி வந்தவர்களைத் தட்டப்பாறையில் நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றினார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லைதான் அவர்களுக்கு டிக்கெட். வழிச்செலவு அவர்கள் பேரில் பற்று எழுதப்பட்டது. கொழுந்து ஒன்று கிள்ளும் முன்பே கடனாளியானார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. முகாமும் மண்டபத்துக்குப் போய்விட்டது.

ஏன் மறந்தோம்? தகவல் கிடைக்காததால் மறந்தோம் என்று சொல்ல முடியாது. எட்டயபுரத்துப் பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தியைத் தேயிலைத் தோட்டம் வரை பின்தொடர்ந்தார். இரண்டையும் படித்து நெகிழ்ந்தோம். நம் ஊர் வழியாகப் போனவர்களைத் தேடவில்லை. போனவர்களில் பெரும்பகுதியினர் நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். நம் தெருவில் நடக்கவே அவர்களை விடாத நாம், நம் வரலாற்றிலும் நடக்க விடவில்லை. அவர்களைத் துரத்தியதில் பஞ்சத்துக்கு மட்டுமல்ல, நமக்கும் பங்கு உண்டு.

அவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் நாம் திருந்தவில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிறந்த மண்ணை விட்டுவிட்டு நீலகிரிக்கும் வேறு மாவட்டங்களுக்கும் வந்து சேர்ந்தவர்களைச் ‘சிலோன்காரர்கள்’ என்றே அழைத்தோம். அரசாங்கம் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதியது. நாமோ அவர்களை அந்நியராகவே நடத்தினோம். பாட்டனார் எந்த ஸ்டேஷனில் ரயிலேறினார் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பழைய கதை தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வருத்தப்படுவதோடு இது முடியக் கூடாது. சென்னை, கொழும்பு ஆவணக் காப்பகங்களில் முகாமின் பதிவுகளைத் தேட வேண்டும். தட்டப்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாய்மொழியாக எஞ்சியிருப்பதை நம் கல்லூரி மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் உள்ள குடும்பங்களிடம் போய், பெட்டியடியில் தகர வில்லை ஏதும் கிடக்கிறதா என்று கேட்க வேண்டும். ஸ்டேஷன் சுவரில் ஒரு பலகை வைக்கும்படி ரயில்வேயிடம் மனு கொடுக்க வேண்டும். மணியாச்சியில் ஒருவரின் பெயரை எழுத முடிந்த நமக்கு, தட்டப்பாறையில் பல்லாயிரம் பேரின் கதையை எழுதுவது முடியாத காரியமல்ல. இத்தனை காலமும் அதற்கு மனம் இல்லாததுதான் நம் குற்றம்.