பதின்மூன்றாம் மாதத்து மடிக்கணினி

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணைப்படி மடிக்கணினியின் பயனுள்ள ஆயுள் 3 ஆண்டுகள். தேய்மானக் கணக்கு எழுதும் எந்த ஆடிட்டருக்கும் இது மனப்பாடம். மின்னணுக் கழிவுக் கணக்கில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதே பொருளுக்கு 5 ஆண்டு சராசரி ஆயுள் வைத்திருக்கிறது. கடையில் பணம் கட்டி வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வாரண்டியோ, பெரும்பாலும் 1 ஆண்டு.

இந்த எண்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டவர்களைப் பெங்களூரில் பார்க்க வேண்டுமென்றால் எஸ்.பி. ரோட்டுக்குப் போகலாம். டவுன் ஹாலிலிருந்து நடக்கிற தூரம்தான். சாதர் பத்ரப்பா சாலை என்று முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். ரெசிஸ்டர் முதல் சர்வர் வரை விற்கிற அந்தச் சந்துகளில், நுண்ணோக்கிக்குக் கீழே மதர்போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கன்னடத்திலோ உருதுவிலோ தமிழிலோ முதலில் கேட்பது ஒன்றே: "வாரண்டி இருக்கா, முடிஞ்சிடுச்சா?" இருக்கிறது என்றால் பலர் தொட மாட்டார்கள். "கம்பெனி சென்டருக்கே போங்க சார், நாங்க திறந்தா அப்புறம் அவங்க பார்க்க மாட்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாரண்டி முடிந்து சில வாரங்களே ஆனவர்கள்தான் அங்கே அதிகம் கொதித்துப்போய் வருகிறவர்கள்.

அவர்கள் கோபத்தில் சொல்லும் குற்றச்சாட்டு எல்லோருக்கும் தெரிந்தது: "சரியா ஒரு வருஷத்துல போற மாதிரிதான் செய்யறாங்க." இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பொறியியலில் 'குளியல் தொட்டி வளைவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். பிறவிக் கோளாறு உள்ளவை முதல் சில மாதங்களிலேயே போய்விடும். அதன்பின் பழுது குறைவாக இருக்கிற நீண்ட சமதளம். கடைசியில் தேய்ந்து சாகும் காலம். ஓராண்டு வாரண்டி முதல் சரிவை மூடிவிட்டுச் சமதளத்தின் தொடக்கத்தில் நின்றுகொள்கிறது. அங்கே சாகிறவை விகிதத்தில் குறைவு. ஆனால் லட்சக்கணக்கில் விற்கும் பொருளில் அந்தக் குறைவும் பல குடும்பங்களின் இழப்பு. இருபதாம் மாதத்தில் போனதை விதி என்று விட்டுவிடுகிறோம். பதின்மூன்றாம் மாதத்தில் போனதைத்தான் ஊரெல்லாம் சொல்கிறோம். ஆக, சதி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சமதளத்துச் செலவை யார் சுமப்பது என்ற கேள்வி அப்போதும் இருக்கிறது. அதற்கான பதில் வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு மொத்தமாக மடிக்கணினி வாங்கும்போது 3 ஆண்டு வாரண்டி, அலுவலகத்துக்கே வந்து பழுது பார்ப்பது எல்லாம் பேரத்திலேயே சேர்ந்துவிடும். அரசு அலுவலகங்களுக்கான டெண்டர்களிலும் 3 ஆண்டு கேட்பது வழக்கம். அதே ஊழியர், தன் மகளின் பொறியியல் படிப்புக்காக அதே நிறுவனத்தின் கருவியைக் கடையில் வாங்கினால் 1 ஆண்டு. வணிகத்துக்கான மாடல்கள் கட்டுமானத்தில் உறுதியானவை, விலையும் அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் 3 ஆண்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு லாபத்தில் நடப்பது தயாரிப்பாளருக்கு முடியாத காரியமல்ல என்பது இந்த நகரத்தின் ஒவ்வொரு ஐ.டி. வளாகத்திலும் நிரூபணமாகியிருக்கிறது. அந்த நிறுவனங்கள் கழித்துக்கட்டிய கருவிகளே பிறகு எஸ்.பி. ரோட்டில் 'ரீஃபர்பிஷ்டு' ஆக இரண்டாம் வாழ்க்கை வாழ்கின்றன.

பழுதின் தன்மையையும் பார்க்க வேண்டும். திடீரென்று 'டெட்' ஆன கருவியில் பல நேரம் போயிருப்பது ஓர் உதிரி மட்டுமே: மின்சுற்றில் ஷார்ட் ஆன ஒரு கெப்பாசிட்டர், சார்ஜிங்கைக் கவனிக்கும் ஒரு ஐ.சி., திரைக்குப் போகும் ஒரு கேபிள். அதிகாரபூர்வ சேவை மையங்களில் உதிரியை மாற்றும் வழக்கம் அநேகமாக இல்லை, போர்டையே மாற்றுவார்கள். ராம், பிராசஸர் எல்லாம் அதே போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும் மெல்லிய மாடல்களில் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்தவர்கள் புதிதே வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பதில் வியப்பில்லை. சந்துக்கடையில் 'சிப் லெவல்' வேலை தெரிந்தவர் அதே போர்டைச் சில ஆயிரம் ரூபாய்க்குள் உயிர்ப்பித்துவிடுவதும் உண்டு. அவர் கையில் இருக்கும் மின்சுற்று வரைபடம் தயாரிப்பாளர் கொடுத்ததல்ல. எங்கெங்கோ கசிந்து வந்தது. முறையாகக் கிடைக்க வேண்டியதை மறைவாகப் பெற்றுத்தான் அவர் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது.

பதின்மூன்றாம் மாதச் சாவு எல்லாமே பயன்படுத்தியவரின் தவறோ தலைவிதியோ அல்ல என்பதற்குப் பெரிய சாட்சி 2008-இல் கிடைத்தது. என்விடியா நிறுவனத்தின் சில கிராஃபிக்ஸ் சிப்கள், சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து, பற்றவைத்த இடங்களில் விரிசல் விட்டன. முதல் நாளில் எந்தச் சோதனையிலும் தெரியாத குறை இது. மாதக்கணக்கில் பயன்படுத்திய பிறகே தலைகாட்டும். அந்த ஜூலையில் நிறுவனம் இதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. டெல் தன் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை 12 மாதம் நீட்டியது, ஆப்பிள், ஹெச்.பி. நிறுவனங்களும் தங்கள் சில மாடல்களுக்குச் சலுகை தந்தன. இந்தியாவிலேயே, கைபேசித் திரையில் பச்சைக் கோடு விழுந்த விவகாரத்தில் 2023-இல் ஒன்பிளஸ் பாதிக்கப்பட்ட மாடல்களின் திரைக்கு வாழ்நாள் வாரண்டி அறிவித்தது. எந்த மாடலில், எந்தத் தொகுப்பில், எந்த மாதத்தில் எது போகிறது என்ற விவரம் முழுதாகத் தெரிந்தவர் தயாரிப்பாளர் ஒருவரே. வாங்கியவருக்குத் தெரிந்தது தன் கையிலுள்ள ஒரே ஒரு கருவி.

இனி சட்டம். வாரண்டி முடிந்தால் உரிமையும் முடிந்தது என்று சேவை மையத்தில் சொல்வார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அப்படிச் சொல்லவில்லை. 'குறைபாடு' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறையில், வெளிப்படையான ஒப்பந்தத்தின்படி மட்டுமன்றி, உள்ளடங்கிய ஒப்பந்தத்தின்படி இருக்க வேண்டிய தரமும் அடக்கம். பழுது தெரியவந்ததும் காலம் கடத்தாமல் புகார் கொடுப்பது நல்லது. புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் அவகாசம். நீங்கள் வசிக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 2019-இல் பெருமையோடு கொண்டுவரப்பட்ட 'தயாரிப்புப் பொறுப்பு' அத்தியாயம், பேட்டரி வெடித்துக் கை வெந்தால் உதவும். மேசை எரிந்தால் உதவும். மடிக்கணினி மட்டும் சத்தமில்லாமல் செத்தால் உதவாது. பொருளுக்கே நேர்ந்த கேட்டை 'தீங்கு' என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டார்கள். மிஞ்சுவது குறைபாடுள்ள பொருள் என்ற பழைய வழி. அதில், உற்பத்தியிலேயே குறை இருந்தது என்று காட்டும் சுமை புகார்தாரரின் தலையில். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்பினால் 5 மாதத்தில் தீர்ப்பு என்பது சட்டம் வைத்த இலக்கு. வழக்குகள் அந்த இலக்கைத் தாண்டிப் போவது சகஜம். 60,000 ரூபாய் கருவிக்காக எத்தனை பேர் லீவு போட்டுக்கொண்டு ஆணையத்துக்கு அலைவார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் சட்டபூர்வப் பொறுப்பு குறைந்தது 2 ஆண்டு. முதல் ஆண்டில் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். ஆஸ்திரேலியச் சட்டம் ஆண்டுக்கணக்கே சொல்வதில்லை. அந்த விலைக்கு வாங்கிய பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டுமோ அவ்வளவு காலம் என்கிறது. நம்மிடம் 2022-இல் 'பழுது பார்க்கும் உரிமை'க்குக் குழு அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையதளம் திறந்தார்கள். ஒரு கருவியைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் பழுதுநீக்கக் குறியீடு பற்றிய மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. அது முதலில் எடுத்துக்கொண்டது கைபேசிகளையும் டேப்லெட்களையும். பிரான்ஸ் 2021 ஜனவரியிலேயே மடிக்கணினிக்கும் சேர்த்து இத்தகைய குறியீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது.

இங்கும் அப்படி விதிகள் வரும்வரை வாங்கியவர் செய்யக்கூடியவை சில. பதினோராம் மாதத்திலேயே கருவியை ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்ப்பது: கீல் இறுக்கம், பேட்டரி உப்பல், சூடு, திரை மினுக்கல். ஏதேனும் இருந்தால் போனில் பேசிவிட்டு விடாமல் எழுத்தில் புகார் கொடுத்து ஜாப் ஷீட் வாங்கி வைப்பது. வாரண்டிக் காலத்திலேயே சொன்ன கோளாறு பிறகு முற்றியது என்று காட்ட முடிந்தால் வழக்கின் பலமே வேறு. வாரண்டி முடிந்தபின் கருவி போயிருந்தால், சேவை மையத்தின் முகப்பு மேசையோடு நின்றுவிடாமல் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிச் சலுகை கேட்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். என்ன பழுது என்பதை எழுத்தில் வாங்காமல் எஸ்.பி. ரோட்டுக்காரர் கையில் கருவியைக் கொடுத்துவிட்டால், நாளை வழக்கு என்று வரும்போது "வெளியாள் திறந்துவிட்டார்" என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். எல்லாமே பற்றவைத்த மெல்லிய மாடல்களுக்குத் தயாரிப்பாளரே விற்கும் நீட்டிப்பு வாரண்டியை வாங்குவது மேல் என்பது என் கட்சி. கடைக்காரர் தனியே விற்கும் திட்டத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆனால் 3 ஆண்டு நிம்மதிக்குத் தனியே பணம் கட்டச் சொல்வது, பொறுப்பை மறுபடியும் வாங்குகிறவரிடமே விற்பதுதான். அரசு தான் வாங்கும்போது 3 ஆண்டு கேட்கிறது. கழிவைக் கணக்கிடும்போது 5 ஆண்டு என்கிறது. குடிமகன் வாங்கும்போது மட்டும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சட்டம் என்று விட்டுவிடுகிறது. மடிக்கணினி உள்ளிட்ட கருவிகளை இங்கே தயாரிப்பதற்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2023 மே மாதம் மத்திய அமைச்சரவை 17,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுபோன்ற அடுத்த திட்டம் வரும்போது, இந்தியச் சில்லறைச் சந்தையில் விற்கும் ஒவ்வொரு கருவியின் மதர்போர்டுக்கும் 3 ஆண்டுப் பொறுப்பு, மின்சுற்று வரைபடமும் உதிரிகளும் 5 ஆண்டுவரை வெளிக்கடைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை விதிமுறைகளில் சேர்த்துவிடலாம். இதற்கு நாடாளுமன்றத்தில் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.