கூடியது 35 டெசிபல்

தீபாவளி இரவில்தான் கொல்கத்தாவில் காளி பூஜை. வெடிச் சத்தம் உச்சத்தை எட்டுவதும் அன்றுதான். பட்டாசுக்கு மத்திய அரசு 1999இல் வகுத்த ஒலி வரம்பு 125 டெசிபல். மேற்கு வங்கமோ 90க்கு மேல் கூடாது என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தது. சிவகாசியில் முறைப்படி தயாரான வெடிகள் பலவும் அங்கே கள்ளச் சரக்காயின.

2023 அக்டோபரில் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது; மாநில வரம்பும் 125 ஆயிற்று. எண்ணில் 35தான் வித்தியாசம். ஒலியின் ஆற்றலிலோ மூவாயிரம் மடங்குக்கு மேல். கைக்குழந்தைக்கும் இதய நோயாளிக்கும் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் மற்றக் கட்டுப்பாடுகள் தளரவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்குத் தடை விதித்தது. பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. கொல்கத்தாவில் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரைதான் நேரம். வாங்குபவர் பெட்டியில் 'நீரி' முத்திரையும் கியூ.ஆர். குறியீடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற கடையே நல்லது. மலிவு விலைச் சரக்கு எங்கே தயாராகிறது என்பதை 2023 மே மாதம் ஏக்ரா காட்டியது: சட்டவிரோதப் பட்டாசு ஆலை வெடித்து ஒன்பது பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஊரிலிருந்து ரயிலில் பட்டாசு கொண்டுவருவதும் குற்றம். ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். வாங்கியதை அடுக்குமாடி வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் வைக்கக் கூடாது. தீப்பிடித்தால், தப்பி ஓட இருக்கும் வழி அது ஒன்றுதான்.