வீட்டை மாரியிலும் பார்ப்போம்

மகளுக்கு வீடு வாங்கும்போது நம்மில் பலர் கோடையில் ஒருமுறை போய், மாபிளையும் பெயின்டையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். வாப்பாவும் மாமாமாரும் பார்ப்பார்கள். அங்கே வாழப்போகும் மகள் பார்ப்பதில்லை.

2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளை நாம் கண்டோம். சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் புதுப் பெயின்ட் மறைத்துவிடும். அயல்வீட்டார் மறைக்க மாட்டார்கள். அவர்களிடம் கேட்போம். மழை நாளில் இன்னொரு முறை போய், வடிகான் ஓடுகிறதா, மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று பார்ப்போம்.

காணிக்கு உறுதி இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் மட்டுமா? அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்க முடியாது.

வெளிநாட்டில் வருடக்கணக்காக உழைத்த காசு இது. அவசரப்பட வேண்டாம். மகளையும் கூட்டிக்கொண்டு போவோம். அடுப்படியை அவள் பார்க்கட்டும்.