பிச்சைக்காரர் கொண்டுவந்த கஜல்

1857 எழுச்சி ஒடுக்கப்பட்ட பிறகான தில்லி. பல்லிமாரான் சந்துகளில் பல வீடுகள் காலி. எஞ்சியிருந்த சிலரில் ஒருவர் மிர்ஸா காலிப். எழுதியதைப் பத்திரப்படுத்தும் வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. நவாப் ஜியாவுத்தீன் கான், நவாப் ஹுசைன் மிர்ஸா என்ற இரண்டு நண்பர்கள்தான் அவர் கவிதைகளைச் சேர்த்துவைத்தனர். கலவரத்தில் இருவருடைய நூலகங்களும் சூறையாடப்பட்டன. பிறகு ஒரு நாள், நல்ல குரல்வளம் கொண்ட பிச்சைக்காரர் ஒருவர் எங்கிருந்தோ காலிபின் கஜல் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு வந்து அவரிடமே காட்டினார். பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார் காலிப்.

தன் கவிதையைத் தானே தேடவேண்டியிருந்த அந்த மனிதரின் உருது திவான் முழுவதும் இப்போது செல்போனில் கிடைக்கிறது. காசு வேண்டாம். உருது எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டாம். சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றலாகிப் போய், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்குப் பேச்சு எடுத்துவிடும் 'ஷேர்' எதுவும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் தமிழருக்கும் அது கிடைக்கிறது. ஆனால் கிடைப்பதெல்லாம் காலிப்தானா என்பது வேறு விஷயம்.

காலிப் எழுதியதைவிட அவர் எழுதாதது அதிகம் உலவுகிறது என்று உருதுக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ படத்தின் மேல் வரும் இரண்டு வரிகள், கீழே காலிப் பெயர். யாப்பு இடிக்கும், சொற்கள் போன தலைமுறை சினிமாப் பாட்டுச் சொற்களாக இருக்கும். இது வாட்ஸ்அப் கொண்டுவந்த நோய் மட்டுமல்ல. 1927இல் தூக்கிலிடப்பட்ட ராம் பிரசாத் பிஸ்மில் பெயரோடு நாடு முழுவதும் ஒட்டிக்கொண்ட புரட்சிப் பாடலை எழுதியவர் பாட்னாவைச் சேர்ந்த பிஸ்மில் அஸீமாபாதி என்று ஆய்வாளர்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது. புனைபெயர் ஒன்றாக இருந்ததும், தூக்குமேடைக் கதை உருக்கமாக இருந்ததும் போதுமானதாகிவிட்டன. பாடபேதங்களோடும் இடைச்செருகல்களோடும் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

காலிப் விஷயத்தில் கூடுதல் வேதனை, அவர் இதில் மிகவும் கறாரான ஆள் என்பது. இளவயதில் எழுதிய ஏராளமான பாக்களைத் தானே கழித்துக்கட்டிவிட்டு, 1841இல் மெலிந்த ஒரு திவானை வெளியிட்டார். அவர் வாழ்நாளில் மேலும் நான்கு பதிப்புகள் வந்தன. 1861இல் தில்லியில் அச்சான பதிப்பில் பிழைகள் மலிந்திருந்ததைப் பார்த்து நொந்துபோய், திருத்திய பிரதியைக் கான்பூருக்கு அனுப்பி அடுத்த வருடமே வேறு அச்சகத்தில் போட வைத்தார். 60 வயதைத் தாண்டி, காது மந்தமாகியிருந்த காலத்தில் செய்த வேலை இது. அவர் ஒதுக்கிய பாக்களையும் பின்னாளில் அறிஞர்கள் தேடி எடுத்தார்கள். 1958இல் இம்தியாஸ் அலி அர்ஷி கொண்டுவந்த பதிப்பு எது முன்னே, எது பின்னே, எது விலக்கப்பட்டது என்று வரிசைப்படுத்தியது. ஆக, நம்பகமான பாடம் கையில் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் போவதில்தான் சிக்கல்.

உருது எழுதப்படும் நஸ்தலீக் எழுத்து நேர்க்கோட்டில் நிற்காது. சொல்லின் முதல் எழுத்து மேலே தொடங்கி, சரிந்து, கடைசி எழுத்தில் இறங்கும். பக்கத்தில் எந்த எழுத்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் உருவமும் மாறும். ஈய அச்சுக்கு இது அடங்கவில்லை. அதனால் உருதுப் பத்திரிகைகள் பல காலம் காதிப் என்ற எழுத்தர்கள் கையால் எழுத, அதை அப்படியே அச்சிட்டன. திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'தி முஸல்மான்' நாளேடு, மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் கையெழுத்திலேயே வந்து, வெளிநாட்டு டிவிக்காரர்களை எல்லாம் அந்தத் தெருவுக்கு இழுத்தது. 1981இல் பாகிஸ்தானில் மிர்ஸா அகமது ஜமீல் ஏறத்தாழ 20,000 கூட்டெழுத்துகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் நஸ்தலீக் கம்ப்யூட்டரில் ஏறியது. 1994இல் வந்த 'இன்பேஜ்' மென்பொருள் அதைப் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனது.

அப்போதும் இணையத்தில் உருது என்றால் படம்தான். பக்கத்தை இன்பேஜில் தயாரித்து, படமாக மாற்றி ஏற்றுவார்கள். கண்ணுக்கு அழகு, ஆனால் ஒரு சொல்லைத் தேட முடியாது. படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. அதே 90களில் தமிழர்கள் வேறு விதமாகத் திண்டாடினார்கள். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, ஒருவர் அனுப்பிய கடிதம் அடுத்தவர் திரையில் கேள்விக்குறிகளாக வரும். அந்தக் குழப்பத்தின் நடுவே 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய 'மதுரைத் திட்டம்', ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தது. இரண்டு மொழிகளின் துன்பமும் யூனிகோடு பரவிய பிறகுதான் தீர்ந்தது.

உருதுவுக்குப் பெரிய கதவு திறந்தது 2013 ஜனவரியில். பாலிப்ளெக்ஸ் நிறுவனத்தின் சஞ்சீவ் சராப், கரக்பூர் ஐஐடியில் படித்தவர், நடுவயதில் உருதுக் கவிதையை ஒழுங்காகப் படிக்க ஆசைப்பட்டார். நம்பகமான பிரதிகள் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. காசு இருந்ததால் தானே ஆரம்பித்துவிட்டார்: 'ரேக்தா'. உருதுவின் பழைய பெயர்களில் ஒன்று அது. ஒவ்வொரு கஜலும் உருது, தேவநாகரி, ரோமன் என மூன்று எழுத்துகளிலும் இருக்கிறது. ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருள் வருகிறது. இந்தக் கடைசி வசதி சிறியதாகத் தெரியலாம். ஆனால் காலிபின் ஒரு வரியில் பாதி பாரசீகம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கவிதை படிப்பவர்கள் எத்தனை பேர்?

குறை இல்லாமல் இல்லை. காதல் கவிதை, சோகக் கவிதை, நட்புக் கவிதை என்று மளிகைக்கடை டப்பாக்களைப் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே பா காதலாகவும் இறைவனிடம் வழக்காகவும் ஒரே நேரத்தில் இருக்கும் கவிஞரை எந்த டப்பாவில் போடுவது? அந்தப் பட்டியல்களைத் தாண்டி கவிஞர் பெயரில் நுழைந்து, கஜலை முழுதாகப் படிப்பதே நல்லது.

உருதுப் பேராசிரியர்களில் ஒரு சாராரின் மனக்குறை வேறு. கவிதையைத் தேவநாகரியில் கொடுத்துவிட்டால் உருது எழுத்தைப் படிக்க யார் மெனக்கெடுவார்கள் என்கிறார்கள். வெறும் பொறாமை என்று இதை ஒதுக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உருதுவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001இல் 5.15 கோடி, 2011இல் 5.07 கோடி. நாட்டின் ஜனத்தொகை ஏறிய பத்தாண்டில் இறங்கிய கணக்கு. தவிர, உருதுவில் 'ஸ' ஒலிக்கு மூன்று எழுத்துகள், 'இஸட்' ஒலிக்கு நான்கு. அரபியிலிருந்து வந்ததா, பாரசீகத்திலிருந்து வந்ததா என்று சொல்லின் பிறப்பையே அந்த எழுத்து காட்டிக்கொடுக்கும். தேவநாகரியில் எல்லாம் ஒன்றாகிவிடும். ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தால் எழுதிய திருப்பாவையைக் கற்பனை செய்துகொண்டால் வலி புரியும். கற்பனைகூடத் தேவையில்லை. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்காகப் பாசுரங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுக்கும் மார்கழிகள் எத்தனையோ வந்து போய்விட்டன.

எதிர்த்தரப்புக்கும் பதில் இருக்கிறது. உருது எழுத்தில் குறில்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. பழகாதவர் யாப்பைக் கோட்டைவிடுவார்; தேவநாகரியில் ஒவ்வொரு மாத்திரையும் தெரியும். மேலும், இந்த வேலையை முதலில் செய்தது இணையமல்ல. 1958லேயே அலி சர்தார் ஜாப்ரி, பம்பாயிலிருந்து உருதுவும் நாகரியும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் காலிப் திவானைக் கொண்டுவந்தார். பிரகாஷ் பண்டிதர் தொகுத்த மலிவு விலை நாகரிப் புத்தகங்கள் ரயில் நிலையக் கடைகளில் விற்றன. 1988இல் குல்ஸாரின் 'மிர்ஸா காலிப்' தூர்தர்ஷனில் வந்து, ஜக்ஜீத் சிங் பாடியபோது கேட்டு மயங்கியவர்களில் உருது எழுத்து தெரிந்தவர்கள் சிறுபான்மைதான். ரேக்தாவும் 2017இல் 'ஆமோஸிஷ்' என்ற பெயரில் உருது எழுத்தைக் கற்றுத்தரத் தொடங்கியது. கவிதையில் சிக்கியவர்களில் சிலராவது எழுத்துக்கு வருகிறார்கள். எழுத்து வழியாகத்தான் கவிதைக்கு வரவேண்டும் என்று வாசலில் நின்றால் யாரும் வரமாட்டார்கள்.

இத்தனை ஆரவாரத்துக்கும் முன்பே, ஓசையில்லாமல் நடந்த வேலை ஒன்று உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருது கற்பித்த பிரான்சிஸ் பிரிட்செட், காலிபின் 234 உருது கஜல்களையும் உரையோடு இணையத்தில் ஏற்றும் வேலையை 1999இல் தொடங்கினார். ஆங்கிலத்தில் அவர் வைத்த பெயரைத் தமிழில் 'பாலை நிறைய ரோஜாக்கள்' எனலாம். பார்வைக்குப் பேராசிரியரின் குறிப்பேடு போலத்தான் இருக்கும். படம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒவ்வொரு பாவுக்கும் ஒரு பக்கம். மூலம், நேரடி மொழிபெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, பிறகு பழைய உரையாசிரியர்கள் ஒவ்வொருவரும் சொன்னது, கடைசியில் அவருடைய கருத்து.

பரிமேலழகரையும் மணக்குடவரையும் பக்கத்தில் வைத்துக் குறள் படித்தவர்களுக்கு இது சொந்த வீடு. திவானின் முதல் பாவையே எடுத்துக்கொள்ளலாம். அதில் காகித உடை ஒன்று வருகிறது. முறையிட வருபவர் காகித உடை உடுத்தி வருவது ஈரானிய வழக்கம் என்று காலிபே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். 1900இல் உரை எழுதிய ஐதராபாத் நிஜாம் கல்லூரி ஆசிரியர் நஸ்ம் தபாதபாயி விடவில்லை. அப்படி ஒரு வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை, இந்தப் பாவுக்குப் பொருளே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகக் கவிஞரைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டே வரிக்கு இவ்வளவு சண்டை! ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதாது.

கஜலைப் படிப்பதற்கு ஒரு சின்ன உபாயம். ஒவ்வொரு ஷேரும் தனியாக நிற்கும். முந்தையதற்கும் அடுத்ததற்கும் கதைத் தொடர்பு தேடவேண்டாம். அவற்றைக் கட்டுவது ஒரே சந்தமும், நம் இயைபுத்தொடை போல வரிக் கடைசியில் திரும்பத் திரும்ப வரும் சொல்லும்தான். முஷாயராவில் கவிஞர் முதல் வரியை இரண்டு மூன்று முறை சொல்லுவார். கூட்டம் தவிக்கும். அதன் பிறகே இரண்டாம் வரி விழும். அதிலும் பொருளைத் திறக்கும் சொல் கடைசியில்தான் இருக்கும். திரையில் இரண்டு வரியும் சேர்ந்தே தெரிந்துவிடுவதால் அந்தத் தவிப்பு போய்விடுகிறது. இரண்டாம் வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

காலிபை முடித்த பிறகு மீர் தகி மீரிடம் போகலாம். காலிபே தலைவணங்கிய மூத்தவர். ஆறு உருது திவான்கள் எழுதியவர். இவருக்கும் பிரிட்செட் ஒரு தளம் அமைத்தார். ஆதாரம், ஷம்சுர் ரஹ்மான் பாரூக்கி நான்கு தொகுதிகளில் எழுதிய மீர் உரை. 1996இல் சரஸ்வதி சம்மான் பெற்றது. பாரூக்கி 2020இல் காலமானார். அவர் அஞ்சல் துறை அதிகாரி. தபால்களுக்கு நடுவே மீருக்கு உரை எழுதிய அந்த மனிதர், பிரிட்செட்டின் காலிப் பக்கங்களிலும் அடிக்கடி எதிர்ப்படுகிறார்.

இணையம் இன்னும் சரிசெய்யாத ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. காலிப் பெருமைப்பட்டுக்கொண்டது தன் உருதுக் கவிதைகளைப் பற்றியல்ல. அவர் அதிகம் எழுதியது பாரசீகத்தில். அங்கேதான் தன் வண்ணங்கள் எல்லாம் இருக்கின்றன, உருதுவில் இருப்பது நிறமற்றது என்று அவரே சொல்லிக்கொண்டார். பாரசீகம் படிக்கத் தெரிந்த இந்தியர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தத் தொகுதிகளின் பழைய பதிப்புகள் ஸ்கேன் செய்த படங்களாக மின்நூலகங்களில் கிடக்கின்றன. திறந்து பார்க்கலாம். சொல்லைத் தொட்டால் ஒன்றும் வராது.