ஏற்காட்டுக் குளிரில் கார் ஸ்டார்ட் ஆகலையா? சிக்கல் தொடங்குவது சேலம் வெயிலில்!

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. ஏற்காட்டில் ரூமைக் காலி செய்து, பைகளை டிக்கியில் அடுக்கி, சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. "குளிர்ல பேட்டரி உறைஞ்சிருக்கும்" என்பார் ஒருவர். "இறக்கத்துல உருட்டுங்க, எடுத்துக்கும்" என்பார் இன்னொருவர். முதலாவது தப்புக் கணக்கு. இரண்டாவது உயிருக்கே ஆபத்தான யோசனை.

குளிர்தான் காரணமா?

சேர்வராயன் மலையில் ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். குளிர்காலக் காலைகளில் நடுக்கம் இருக்கும், உண்மைதான். ஆனால் முழு சார்ஜில் இருக்கும் கார் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது.

பேட்டரியைத் தேய்ப்பது வெயில். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. கோடையில் பானெட்டுக்குள் வேகும் பேட்டரியில் தகடுகள் அரிக்கும், நீர் ஆவியாகும். ஆனால் சூட்டில் இன்ஜின் லேசாகச் சுற்றுவதால் இந்தப் பலவீனம் கீழே தெரியாது. மலைக்குப் போனதும் குளிரில் பேட்டரியின் வேகம் குறையும், இன்ஜின் ஆயில் கெட்டியாகும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

மீதியை நாமே செய்கிறோம். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி சகஜம். இரண்டு 55 வாட் ஹெட்லைட்டுகள் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பனிமூட்டத்தில் போட்ட லைட்டை அணைக்க மறந்தால், புது பேட்டரியே சுமார் 4 மணி நேரத்தில் காலி. மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரி அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

சத்தத்தைக் கேளுங்க

'செல்ஃப் எடுக்கலை' என்று நாம் சொல்வது செல்ஃப் ஸ்டார்ட்டரைத்தான். 1912-இல் கேடிலாக் கார்களில் வந்த இந்த மோட்டார், இன்ஜினைச் சுற்றவைக்க நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அது கிடைக்காதபோது கார் தரும் அறிகுறிகள் இவை:

• டேஷ்போர்டில் லைட்டே வரவில்லை: பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கலாம், அல்லது பேட்டரி முழுசாக இறங்கியிருக்கலாம். வெள்ளை, பச்சைப் பூச்சு இருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

• 'டிக் டிக் டிக்', லைட் மங்குகிறது: சார்ஜ் போதவில்லை. ஜம்ப் ஸ்டார்ட் பெரும்பாலும் உதவும்.

• ஒரே ஒரு 'டக்', லைட் பளிச்: ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது சோலனாய்டு மீது சந்தேகம். மெக்கானிக் தேவை.

• சத்தமே இல்லை, லைட் பளிச்: ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பார்க்கில் அல்லது நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். மேனுவல் என்றால் கிளட்சை முழுசாக மிதியுங்கள். புஷ் பட்டன் கார் சாவியை அடையாளம் காணாவிட்டால், சாவிக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே வைத்து அழுத்தினால் போதும்.

• இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பேட்டரி மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல், ஃபியூல் பம்ப் ஃபியூஸ், இம்மொபிலைசர் விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட்: வரிசை முக்கியம்

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டின் இன்ஜினும் ஆஃப். சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். அடுத்து கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும் என்பதே காரணம்.

நல்ல காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் காரை முயலுங்கள். எடுத்ததும் கேபிள்களைத் தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். பேட்டரி வீங்கியிருந்தாலோ ஒழுகினாலோ தொடவே வேண்டாம்.

உருட்டலாமா? வேண்டவே வேண்டாம்

சேலம் – ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டரின் உதவி ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. இன்ஜின் பிடிக்காவிட்டால், அடுத்த வளைவில் அந்தக் காரைத் திருப்பி நிறுத்த உடல் பலத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

இத்தனை ரிஸ்க் எடுத்தும் பலன் நிச்சயமில்லை. பேட்டரி முழுசாக இறங்கியிருந்தால் ஃபியூல் பம்பும் கம்ப்யூட்டர் யூனிட்டும் இயங்காது. எத்தனை தூரம் உருட்டினாலும் கார் எடுக்காது. ஆட்டோமேட்டிக் கார்களில் இந்த வித்தைக்கே இடமில்லை.

நடுவழியில் நின்றால் ஹசார்டு லைட் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்பே தெரியும்படி வைத்துவிட்டு, எல்லோரும் இறங்கி சாலையோரம் நில்லுங்கள். அவசரத்துக்கு 112.

கீழேயே முடிக்க வேண்டிய வேலை

மல்ட்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். இரவெல்லாம் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் மலை ஏறும் முன் கவனியுங்கள். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும். பேட்டரி கடையில் லோட் டெஸ்ட் செய்ய சில நிமிடமே ஆகும்.

இது கார் ஓட்டுபவரின் பொறுப்பு மட்டுமல்ல. கோடை விழா நாட்களில் ஒரு வளைவில் ஒரு கார் நின்றால், பின்னால் வரும் பேருந்தும் ஆம்புலன்ஸும் சேர்ந்தே நிற்கும். சீசனில் அடிவாரத்தில் ஒரு மெக்கானிக்கையும் பேட்டரி சோதனைக் கருவியையும் நிறுத்துவது நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல. தங்கும் விடுதிகளும் ஆளுக்கொரு ஜம்ப் ஸ்டார்ட்டர் பேக் வாங்கி வைக்கலாம். அது கையில் இருந்தால், "உருட்டிப் பார்க்கலாம்" என்ற பேச்சே எழாது.