மண்டபத்துப் பந்தும் மைதானத்துப் பந்தும்

கடந்த மாரிகாலத்தில் சில வாரங்கள் ரொறன்ரோவில் எனது பெறாமகளின் வீட்டில் தங்கியிருந்தேன். பனி கொட்டிக்கிடந்த ஒரு சனிக்கிழமை மாலையில், அவளுடைய 11 வயது மகனின் விளையாட்டைப் பார்ப்பதற்காக அயலிலுள்ள பாடசாலையொன்றின் உள்ளக மண்டபத்துக்கு என்னை அழைத்துச்சென்றார்கள். அங்கு நடைபெற்றது புட்சால் எனப்படும் ஐவர் உதைபந்தாட்டம். கோடை காலத்தில் புல்வெளி மைதானத்தில் அவன் விளையாடியதையும் முன்னொரு தடவை பார்த்திருக்கிறேன். அன்று பின்வரிசையின் ஓரத்தில் நின்று, பந்து தன்பக்கம் வருமா என்று நெடுநேரம் காத்துக்கொண்டிருந்த சிறுவனா இவன் என்று வியக்கும்படியாக இருந்தது மண்டபத்தில் அவனது ஆட்டம்.

வீடு திரும்பும் வழியில் பெறாமகள் தன் மனக்குழப்பத்தைச் சொன்னாள். கோடைகாலக் கழகத்தின் பயிற்றுநர், புட்சால் விளையாடினால் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் வந்துவிடும், பெரிய மைதானத்துக்கு அது உதவாது என்று எச்சரித்திருக்கிறார். மண்டபத்துப் பயிற்றுநரோ, பிறேசில்காரர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் வந்தார்கள், இதை விட்டால் பையனுக்கு எதிர்காலம் இல்லை என்கிறார். இரண்டு பேருக்கும் தனித்தனியே பணம் கட்டவேண்டும் என்பது வேறு விடயம்.

"சித்தப்பா, ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்லினம். நீங்கள் எத்தினை வருசம் பேப்பரிலை விளையாட்டுப் பக்கம் பாத்தனீங்கள். ஆர் சொல்லுறது சரி?" என்று கேட்டாள்.

அன்று நான் மழுப்பலாக ஏதோ சொல்லித் தப்பித்துக்கொண்டேன். குளிர்நாடுகளில் வாழும் எமது பெற்றோர் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால், அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை இங்கு எழுதுகிறேன்.

முதலில், புட்சால் என்பது இடவசதி இல்லாதவர்கள் ஆடும் அரைகுறை உதைபந்தாட்டம் அல்ல. 1930ஆம் ஆண்டில் உருகுவேயின் தலைநகர் மொன்ரேவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் மண்டபத்தில் இளைஞர்கள் விளையாடுவதற்காக இதை வகுத்தார். உருகுவே முதலாவது உலகக்கிண்ணத்தை வென்ற அதே ஆண்டு அது. அணிக்கு ஐவர் என்பதைக் கூடைப்பந்தாட்டத்திடமிருந்தும், ஆடுகளத்தின் அமைப்பைக் கைப்பந்தாட்டத்திடமிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார். பீபா அமைப்பு 1989ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் இதற்கான முதலாவது உலகக்கிண்ணப் போட்டியை நடத்தியது. பிறேசில் வென்றது. 2024ஆம் ஆண்டில் உஸ்பெகிஸ்தானில் நடைபெற்ற போட்டியிலும் பிறேசிலே வென்று, ஆறாவது தடவையாகக் கிண்ணத்தைத் தனதாக்கியது.

இந்த ஆட்டம் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறிய கணக்குப் போதும். வழமையான உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. 22 பேருக்கு அதைப் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 325 சதுர மீற்றர் கிடைக்கும். 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுமான புட்சால் களத்தைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 80 சதுர மீற்றர்தான். அதாவது நான்கில் ஒரு பங்கு இடம். 22 பேருக்கு ஒரு பந்து என்பது பத்துப் பேருக்கு ஒரு பந்து என்றாகிவிடுகிறது. பந்து அடிக்கடி காலுக்கு வரும். வந்தவுடன் எதிராளியும் வந்துவிடுவான். பந்தை வாங்குவதற்கு முன்னரே அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்காதவன் அதை இழப்பான்.

பந்தும் வேறு. சற்றுச் சிறியது, துள்ளல் குறைந்தது. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால் 65 சென்ரிமீற்றருக்கு மேல் எழக்கூடாது என்பது விதி. ஆகவே அது தரையோடு செல்லும். பிள்ளை அதைப் பாதத்தின் அடியால் அடக்கவும் இழுக்கவும் திருப்பவும் பழகுகிறது. வெளியே சென்ற பந்தை நான்கு செக்கன்களுக்குள் மீண்டும் ஆட்டத்தில் சேர்க்கவேண்டும். பின்வரிசையில் நிற்பவன் தாக்கவும், முன்வரிசையில் நிற்பவன் ஓடிவந்து தடுக்கவும் வேண்டும். ஒதுங்கி நிற்க அங்கு இடமே இல்லை.

இதன் பயனைக் கண்ணால் காண விரும்புபவர்கள், 2005 மார்ச்சில் லண்டனில் செல்சி அணிக்கு எதிராக பார்சலோனாவின் றொனால்டினோ அடித்த கோலை நினைத்துப்பார்க்கலாம். நின்ற இடத்தில் நின்றபடியே இடுப்பை அசைத்து எதிராளிகளை உறையவைத்து, சப்பாத்தின் நுனியால் பந்தைக் குத்தி வலைக்குள் அனுப்பினார். கால் வீசுவதற்கு இடமில்லாத மண்டபத்தில் பிறக்கும் உதை அது. மெஸ்ஸி, கிறிஸ்ரியானோ ரொனால்டோ, நெய்மார், இனியெஸ்ரா ஆகியோரும் சிறுவயதில் புட்சால் ஆடியதால் பெற்ற நன்மையைப் பகிரங்கமாகவே கூறியிருக்கிறார்கள். வித்தைக்காரர்கள் மாத்திரந்தான் பயன்பெற்றார்கள் என்றும் எண்ணவேண்டாம். இங்கிலாந்து புட்சால் அணிக்கு ஆடிய மக்ஸ் கில்மன், பின்னர் பிரிமியர் லீக்கில் மத்திய தடுப்பாளராகப் பெயர்பெற்றார்.

எனினும், புகழ்பெற்றவர்களின் பட்டியலைக் காட்டி வாதத்தை முடித்துவிடுவது பத்திரிகையாளனுக்கு அழகல்ல. புட்சால் ஆடியும் எங்கும் போய்ச்சேராத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பட்டியலை எவரும் வெளியிடுவதில்லை. மறுபக்கச் சான்றுகளையும் பார்க்கவேண்டும். ஜேர்மனி 1954, 1974, 1990, 2014 ஆகிய ஆண்டுகளில் உலகக்கிண்ணத்தை வென்றது. அந்த நாட்டின் தேசிய புட்சால் அணி தனது முதலாவது போட்டியில் ஆடியதே 2016ஆம் ஆண்டில்தான். ஈரானோ 2024 வரை 13 தடவைகள் ஆசிய புட்சால் கிண்ணத்தை வென்ற நாடு. ஆனால், பெரிய மைதானத்தில் 2022 வரை ஆடிய ஆறு உலகக்கிண்ணப் போட்டிகளிலும் முதற்சுற்றைத் தாண்டவில்லை. புட்சால் உலகின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான பிறேசிலின் பல்கௌ, 2005ஆம் ஆண்டில் சாவோ பாவுலோ கழகத்தில் மைதான உதைபந்தாட்டத்தை முயன்றுபார்த்தார். சில மாதங்களிலேயே மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஆகவே, புட்சால் நல்ல ஆட்டக்காரனை உருவாக்கும் ஒரே வழியுமல்ல, போதுமான வழியுமல்ல. மண்டபம் கற்றுத்தராதவை பல உண்டு. நாற்பது மீற்றர் தூரத்துக்குப் பந்தைத் தூக்கி அனுப்புவது, வானில் வரும் பந்தைக் கணித்து நெஞ்சில் வாங்குவது, ஓவ்சைட் கோட்டை மனதில் வைத்து ஓட்டத்தைத் தொடங்குவது, முதுகுக்குப் பின்னால் விரிந்துகிடக்கும் வெளியைக் காப்பது, மழையிலும் சேற்றிலும் தொண்ணூறு நிமிடங்கள் தாக்குப்பிடிப்பது ஆகியவற்றை மைதானத்தில்தான் கற்கமுடியும். கோல்காப்பாளருக்கு வேறுபாடு இன்னும் அதிகம். மூன்று மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமுமான கோலைக் கையையும் காலையும் விரித்து மறைத்துப் பழகியவன், 7.32 மீற்றர் அகலமான கோலில் பாய்வதற்கும் உயர்ந்துவரும் பந்தைப் பிடிப்பதற்கும் மீண்டும் பாடம் படிக்கவேண்டும். அந்த வகையில் கோடைகாலப் பயிற்றுநரின் எச்சரிக்கையில் நியாயம் இருக்கவே செய்கிறது.

ஆனால், அந்த நியாயம் 16 வயது இளைஞனுக்குப் பொருந்துவதைப்போல 11 வயதுச் சிறுவனுக்குப் பொருந்தாது. அந்த வயதுப் பிள்ளையிடம் நாற்பது மீற்றர் உதையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. தலையால் முட்டுவது புட்சாலில் அரிது என்பது குறையென்றால், அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 10 வயதுக்குட்பட்டோர் பந்தைத் தலையால் முட்டுவதையே 2015ஆம் ஆண்டில் தடைசெய்துவிட்டது. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்றங்களின்படி, சிறுவர்கள் ஐவர், எழுவர், ஒன்பதின்மர் அணிகளில் படிப்படியாக ஆடி, 13 வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தார்கள். புட்சாலை நெடுங்காலம் பொருட்படுத்தாத ஜேர்மனிகூட, 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து தனது மிகச்சிறிய பிள்ளைகளை இருவராகவும் மூவராகவும் சிறிய களங்களில் ஆடவைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெயர் வேறாக இருக்கலாம். சிறு பிள்ளைக்குச் சிறிய களம் என்ற முடிவுக்குத்தான் எல்லோரும் வந்துசேர்ந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் எமது தலைமுறை இதை எந்தச் சம்மேளனமும் சொல்லாமலே செய்தது. பாடசாலை மைதானம் பெரிய அண்ணன்மாருக்கு உரியது. எங்களுக்கு வாய்த்தது ஒழுங்கை. இருபக்கமும் கிடுகு வேலி, கோல்கம்பங்களுக்குப் பதிலாக இரண்டு செங்கட்டிகள், தேய்ந்துபோன ஒரு ரெனிஸ் பந்து. வேலிக்கு மேலால் பந்து போனால் அந்த வீட்டுக்காரரின் ஏச்சைக் கேட்கவேண்டும் என்பதால், தரையோடு தட்டி ஆடப் பழகினோம். எங்களில் ஒருவரும் பெரிய ஆட்டக்காரராக வரவில்லை. ஆனால், பின்னர் மைதானத்தில் பந்து காலுக்கு வந்தபோது எவரும் அதைக்கண்டு பயப்படவில்லை. ஒழுங்கை இல்லாத ஊர்களில் வளரும் எமது பேரப்பிள்ளைகளுக்கு இன்று மண்டபம்தான் ஒழுங்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் கவனிக்கவேண்டிய இரு விடயங்கள் உண்டு. ஒன்று, மண்டபத்துக்குள் நடைபெறுவதெல்லாம் புட்சால் அல்ல. வட அமெரிக்காவில் களத்தைச் சுற்றிப் பலகைத் தடுப்பு அமைத்து, அதில் பட்டுத் திரும்பும் பந்தைத் தொடர்ந்து ஆடும் ஆட்டமும் பரவலாக இருக்கிறது. அதுவும் உற்சாகமானதே. ஆனால், பிழையாக அனுப்பிய பந்தைப் பலகை திருப்பித் தந்துவிடுவதால் பிழை தெரியாமல் போகிறது. புட்சாலில் கோட்டைத் தாண்டிய பந்து எதிரணிக்கு உரியது. பிழைக்குரிய விலையை உடனே கொடுக்கவேண்டும்.

மற்றையது மிகவும் முக்கியமானது. கோடைப் பருவம் முடிந்த மறுவாரமே மண்டபப் பருவம் தொடங்குகிறது. அது முடியுமுன்னரே அடுத்த கோடைக்கான தெரிவுகள் ஆரம்பமாகின்றன. பிள்ளையின் கால்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. மண்டபத்தின் கடினமான தரையில் திடீரென நிற்பதும் திரும்புவதும் வளரும் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இலேசான சுமையல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், வாரத்தில் ஒன்றிரண்டு நாட்களும், ஆண்டில் மொத்தமாக மூன்று மாதங்களும் தாம் ஆடும் விளையாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு ஓய்வு அளிக்கவேண்டும் என்று கூறியது. இரண்டு பயிற்றுநர்களும் பெறாமகளிடம் ஆளுக்கொரு ஆலோசனை சொன்னார்கள். பையன் எப்போது ஓய்வெடுப்பது என்பதைப்பற்றி இருவருமே வாய்திறக்கவில்லை. புட்சால் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செய்யுமானால், அந்த ஆட்டத்தின் தன்மையினால் அல்ல. வளர்ந்தவர்கள் வகுக்கும் நாட்காட்டியினாலேயே செய்யும்.

எனவே பெறாமகளுக்கு எனது பதில் இதுதான். பனிரெண்டு, பதின்மூன்று வயது வரையில் மாரிகாலத்தில் அவன் தாராளமாக மண்டபத்தில் ஆடட்டும். ஒரு அணி போதும். இரண்டு அணிகள் வேண்டாம். பருவங்களுக்கு இடையில் சில வாரங்கள் பந்தையே தொடாமல் வேறு எதையாவது செய்யட்டும். பதினான்கு வயதுக்குப் பின்னரும் மைதானத்தில் நிலைக்க விரும்பினால், அங்கு கற்கவேண்டியவற்றுக்கு முதலிடம் கொடுத்து, புட்சாலைத் துணையாக வைத்துக்கொள்ளட்டும். அவன் மெஸ்ஸியாக வருவான் என்று எவராவது சொன்னால், அவருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னர் இன்னொரு தடவை யோசிக்கவும்.

அன்று காரின் பின்னாசனத்தில் இருந்த பேரனிடம், எந்த ஆட்டம் உனக்குப் பிடிக்கும் என்று கேட்டேன். அதுவரை அவனிடம் எவரும் அதைக் கேட்டிருக்கவில்லைப்போலும். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "வெளியிலை விளையாடேக்கை பந்து எனக்கு வாறதே இல்லை, தாத்தா. இங்கை வருது."

பயிற்றுநர்கள் இருவரும் சொன்னதைவிட, அந்தப் பதில்தான் எனக்குப் போதுமானதாக இருந்தது.