பாஸ்புக்கில் பணம் இருந்தால் ஆபத்து!

பாஸ்புக் என்றால் நமக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். ஒண்ணாம் தேதி வீங்கும். வாடகை, பால், சீட்டு, சீசன் டிக்கெட் என்று பத்தாம் தேதிக்குள் இளைத்துவிடும். மாசக் கடைசியில் 500 ரூபாய் மிச்சமிருந்தால், தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் நின்றுகொண்டே போனாலும் முகத்தில் ஒரு களை!

அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு, தெரியுமோ? 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தபோது வந்த ஏற்பாடு. மாநிலம் முழுக்கத் தேவையான மருந்தைக் கழகமே டெண்டர் போட்டு மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் அடுக்கிவிடும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பாஸ்புக்கில் வரவு. கையில் காசு வராது. இங்கேயிருந்து இண்டென்ட் போவார்கள், கிடங்கில் மாத்திரை தருவார்கள், அதன் விலையைப் பாஸ்புக்கில் கழிப்பார்கள். ரேஷன் கார்டுக்கும் பேங்க்குக்கும் பிறந்த குழந்தை மாதிரி! மருந்துப் பணத்தில் 90 சதவீதம் இந்த வழியில். மீதி 10, அவசரத்துக்கு வெளியில் வாங்கிக்கொள்ள. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இதே பாணியில் கழகம் ஆரம்பித்தன.

ஆனால் சார், இதை நம்ம பாஸ்புக் மாதிரி படிக்கக்கூடாது. தலைகீழாய்ப் படிக்கணும். மார்ச் மாசம் அதில் நிறைய மீதி இருந்தால், 'ஆஹா, என்ன சிக்கனம்!' என்று கைதட்டிவிடாதீர்கள்.

நம்ம புறநகர்ப் பக்கம் ஒரு மருந்து ஜன்னல். (பேர் எதுக்கு?) பஸ் மாறி வந்த பாட்டி ஒருத்தி பி.பி. மாத்திரைச் சீட்டை நீட்டினாள்.

"ஸ்டாக் இல்லம்மா. வெளியில வாங்கிக்கோங்க."

"எப்பப்பா வரும்?"

"வரும்போது வரும்."

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தாள். எதிர்க்கடையில் பத்து மாத்திரைக்குக் காசு பத்தவில்லை. நாலு வாங்கினாள்.

மிச்சம் ஆறு மாத்திரைக்கு யார் பொறுப்பு? பாஸ்புக்கைப் புரட்டினால் பாதி விடை கிடைத்துவிடும். பணம் இருந்து மாத்திரை இல்லையென்றால், இண்டென்ட் போடவேண்டியவர் தூங்கிவிட்டார். இல்லாவிட்டால் கிடங்கே காலி. பணமே தீர்ந்துபோயிருந்தால் அங்கே இருக்கிறவரைத் திட்டிப் புண்ணியமில்லை; ஒதுக்கீடு பத்தவில்லை. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று அபார்ட்மென்ட் முளைத்துக்கொண்டேயிருக்கிற ஊர்களில், கூட்டம் ஏறுகிற வேகத்துக்கு ரூபாயும் ஏறணுமில்லையா?

ஒரு குறையும் உண்டு. கிடங்கைவிட்டுக் கிளம்பின மாத்திரையைத்தான் பாஸ்புக் சொல்லும். அது பாட்டி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. அதற்கு ஜன்னலில் இருக்கிற ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்க்கணும். டாலி ஆகாத ஏழு ரூபாய்க்காக நம்மை ராத்திரி எட்டு மணிவரை ஆபீசில் உட்கார வைக்கிறார்களே ஆடிட்டர்கள், அவர்களில் ஒருத்தரை அந்த ஜன்னல் பக்கம் அனுப்பினால் தேவலை.